சுடக்கூடாத திசைகள்

எங்கள் கப்பல் யார்டில் மாதம் ஒரு பத்திரிகை போடுகிறார்கள். எட்டுப் பக்கம், வழவழப்பான காகிதம், முக்கால்வாசி படம். போன மாதம் அதில் என் அண்ணியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்தது. தலைப்பு 'ஏவுகணை வீராங்கனை'. படத்தில் அண்ணி தலைக்கவசத்துடன், யாரோ கையில் திணித்த வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி சிரிக்கிறார். எழுதிய புண்ணியவான் அண்ணியிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் அதிகம். 'எதிரியின் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் பெண்மணி' என்று அளந்துவிட்டிருக்கிறார். என் அண்ணி இதுவரை எதையும் சுட்டதில்லை. பொருட்காட்சியில் பலூன் சுடுகிற துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே யார்டில் இருபத்திரண்டு வருடமாக வெல்டர் நான். அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம்; மாடியில் ஒற்றை அறையில் நான், கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணியைப் பற்றி எழுதுவதென்றால் என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். இதில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அண்ணியின் வேலை, சுடக்கூடாத திசைகளைக் கண்டுபிடிப்பது. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். போர்க்கப்பலை அழிக்க வருகிற ஏவுகணை வானத்திலிருந்து விழுவதில்லை. அலையை உரசாத குறையாகத் தாழப் பறந்து வரும். கண்ணில் படுவதற்கும் கப்பலில் மோதுவதற்கும் நடுவே அரை நிமிடம், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். தொலைவிலேயே அதை அடிக்கிற பெரிய ஆயுதங்கள் தவறவிட்டால், கடைசிக் காவலாக மேல் டெக்கில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் பதினெட்டுக் குழாய். குழாய்க்கு ஒன்றாகப் பதினெட்டுச் சின்ன ஏவுகணை. வருகிறதைப் பெட்டியே பார்க்கும், பெட்டியே திரும்பும், பெட்டியே சுடும். அந்த அரை நிமிடத்தில் மனிதரைக் கேட்டு, அவர் மேலதிகாரியைக் கேட்டு, எல்லாம் நடக்கிற காரியமில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சட்டென்று திரும்பிச் சுடுகிற பெட்டிக்கு எதிரே எதிரியும் இருக்கலாம், நம் கப்பலின் சொந்தக் கொடிமரமும் இருக்கலாம். புகைபோக்கி, படகு, ஏணி, ஆண்டெனா, எது இருந்தாலும் பெட்டிக்கு ஒன்றுதான். ஆகவே எந்தெந்த டிகிரியில் சுடக்கூடாது என்று யாராவது அளந்து, வரைபடமாக்கி, பெட்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்த யாராவதுதான் என் அண்ணி.

முன்பு சாலை போடுகிற கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். அந்த அளக்கிற புத்தி வீட்டிலும் விடாது. புது வீட்டுக்கு வந்த மாதம் அண்ணனும் நானும் ஆசை ஆசையாக ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கி வந்தோம். அண்ணி வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடி திருப்பத்துல இது திரும்பாது, ரெண்டு சென்டிமீட்டர் இடிக்கும்" என்றார். அப்போது சமையலறை மாடியில் இருந்தது. அண்ணன் கேட்பாரா, நான்தான் கேட்பேனா? இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து ஒரு மணி நேரம் மூச்சு முட்டத் தள்ளிச் சுவரைப் பெயர்த்ததுதான் மிச்சம். அந்த வாரமே சமையலறை கீழே இறங்கியது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எங்களுக்கு அதிக எரிச்சல்.

அண்ணன் போர்க்கப்பலில் சமையற்காரர். அவர் கடலுக்குப் போய்விட்டால் அண்ணியும் நானும் ஆளுக்கொரு நாளாகச் சமைத்து, ஒருவர் சமையலை மற்றவர் கேலி செய்துகொண்டு காலம் தள்ளுவோம்.

யார்டில் அண்ணிக்குப் பெயர் கூடாதம்மா. அவர் வேலை செய்வதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வெறுங்குழாய் ஒன்றில் தொலைநோக்கி வைத்த கருவியைச் செருகி, பெட்டிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருவர் கைப்பிடியைச் சுற்றிப் பெட்டியைத் திருப்புவார். ஏவுகணை எந்த வழியாகப் போகுமோ அந்த வழியாகவே அண்ணி பார்ப்பார். கண்ணில் கப்பலின் ஏதாவது ஒரு துண்டு தட்டியதும், "நில்லு. நூத்திப் பன்னெண்டரை. கூடாது" என்பார். அது விலகியதும், "நூத்திப் பத்தொம்பது. ஆகும்." அப்படியே முந்நூற்று அறுபது டிகிரி. பிறகு குழாயைக் கொஞ்சம் நிமிர்த்தி மறுபடி முதலிலிருந்து. ஒரு கப்பலுக்கு ஆறு நாள். குழாயை விட்டு வெளியே வரும்போது ஏவுகணை கொஞ்சம் ஆடும் என்பதால், ஒவ்வொரு 'கூடாது'க்கும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு டிகிரி சேர்ப்பார். கடைசியில் வரைபடத்தில் கையெழுத்து.

கையெழுத்தோடு விடமாட்டார். கப்பல் புறப்படுகிற அன்று காலை, கயிறு அவிழ்ப்பதற்குமுன், மறுபடி கருவியைச் செருகி ஒரு முழுச் சுற்றுப் பார்ப்பார். அதைக் கடைசிப் பார்வை என்பார். ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது, அண்ணியாக வைத்துக்கொண்டது. "கையெழுத்துப் போட்ட கப்பல் வேற, கிளம்பற கப்பல் வேற" என்பார். திட்ட அதிகாரிக்கு அது அறவே பிடிக்காது. மணிக்கட்டைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம்.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். கப்பல் பழுதுபார்க்கிற இடம் எதிலும் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை முடிந்து கடைசி வாரம் வந்ததும், கப்பல்காரர்கள் நைசாக வெல்டர் பக்கம் வருவார்கள். "மாஸ்டர், இங்க ஒரு கொக்கி." "மாஸ்டர், அங்க ஒரு சின்ன ஸ்டாண்டு." வரைபடம் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. மிச்சக் குழாய் கிடக்கும், மெஷின் கையில் இருக்கும், பத்து நிமிட வேலை. முடியாது என்று சொல்லுகிற வெல்டரை நான் பார்த்ததில்லை. அவர்கள் மாதக்கணக்கில் கடலில் கிடக்கப் போகிறவர்கள். ஒரு கொக்கிக்கு மூஞ்சியைத் திருப்பினால் நன்றாகவா இருக்கும்? அதோடு, என் வெல்டிங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போகிற கப்பலில் எல்லாம் நம் கைவேலை ஒன்று இருக்கட்டுமே என்று நினைப்பேன்.

இந்த வருடம் வந்த கப்பலில் மாலுமிகள் தொங்கி உடற்பயிற்சி செய்யக் கம்பி கேட்டார்கள். பெட்டி இருக்கிற மேல் டெக்கில், பின்பக்க ஓரமாக, இரண்டு குழாயை நட்டுக் குறுக்கே ஒன்று வைத்துக் கொடுத்தேன். அண்ணி கையெழுத்துப் போட்டு அப்போது ஒன்பது நாளாகியிருந்தது.

மறுநாள் அதிகாலையிலேயே சோதனைக்குக் கப்பல் வெளியே போகவேண்டும். அதனால் இந்தத் தடவை அண்ணி முதல் நாளே கடைசிப் பார்வையைத் தொடங்கிவிட்டார். பத்தரை மணிக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஏறிப் போனால், கம்பிக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"தம்பி, இது உன் கைவேலைதானே?"

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. என் வெல்டிங் தையல் அண்ணிக்கு என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும்.

"ஆமா அண்ணி. பசங்க கேட்டாங்க."

"கேட்டா வச்சிடுவியா? என் வரைபடத்துல இது எங்க இருக்கு?"

"கம்பி அண்ணி. வெறும் கம்பி. பீரங்கியா வச்சேன்?"

"பெட்டிக்கு இது இருக்கறது தெரியுமா?"

"தெரியாது."

"இந்தப் பக்கமா ஒண்ணு வந்தா பெட்டி என்ன பண்ணும்?"

"சுடும்."

"சுட்டா?"

பதில் எனக்குத் தெரிந்தது. ஏவுகணை குழாயை விட்டு வெளியே வந்து பத்தடியில் கம்பியில் முட்டும். பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல நான் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றி நாலு மாலுமிகள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் அண்ணியிடம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பாடம் ஒப்பிக்கிறேன். ரோஷம் வந்துவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

"சும்மா மிரட்டாதீங்க அண்ணி. போன வருஷம் அண்ணன் கப்பல்லயும்தான் ஒண்ணு வச்சுக் குடுத்தேன். என்ன குடி முழுகிப் போச்சு இப்ப?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "எங்க வச்ச?" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"இதே மாதிரி மேல் டெக்லதான். இடது பக்கம், பின்னால. அண்ணன்தான் கேட்டாரு. சமையல்கட்டுத் துடைப்பம் காயவே மாட்டேங்குது, சூட்டுக்காத்து வெளிய வர்ற குழாய் பக்கத்துல ஸ்டாண்டு மாதிரி ஒண்ணு வையுடான்னாரு. கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்."

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அண்ணன் கப்பல் ஏழு மாதமாகக் கடலில் இருக்கிறது. சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகிற வேலை. அந்தக் கடலில் இரண்டு சரக்குக் கப்பல்கள் எரிந்ததை வீட்டில் உட்கார்ந்து செய்தியில் பார்த்திருந்தோம். அண்ணன் கப்பலின் பெட்டியில் பதினெட்டுக் குழாயிலும் அசல் சரக்கு இருக்கிறது. இருநூறு பேர் தினமும் அந்த ஸ்டாண்டைப் பார்த்திருப்பார்கள். துடைப்பம் காய்கிறது என்றுதான் பார்த்திருப்பார்கள். பக்கத்திலிருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி தலைக்கவசத்தைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "வா" என்றார்.

கடிகாரத்தின் அறைக்குள் அண்ணி அனுமதி கேட்காமல் நுழைந்ததை அன்றுதான் பார்த்தேன். விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னார். கடிகாரம் வழக்கம்போல மணிக்கட்டைப் பார்த்தார்.

"நாளைக்குச் சோதனை இருக்கும்மா. இப்பப் போய் ஒரு வரைபடம் தப்புன்னு சொன்னா, எல்லாத்தையும் திரும்பப் பாருங்கன்னுவாங்க. மூணு மாசம் போயிடும்."

"போகட்டும் சார்."

"முதல்ல, இவரு வாய்வார்த்தையா சொல்றதை நம்பிக் கடல்ல இருக்கற கப்பலுக்கு எப்படித் தகவல் அனுப்பறது? அளவு வேணும். வரைபடம் இருக்கா?"

"வரைபடம் இல்ல. வச்ச ஆள் இருக்கான்."

"அறுத்துப் போடுங்கன்னு ஒரு வரி அனுப்பிட்டா முடிஞ்சுதே?"

"நிரப்பின பெட்டிக்குப் பக்கத்துல கேஸ் கட்டரும் கூடாது, தீப்பொறி பறக்கற மெஷினும் கூடாது. ரம்பம் வச்சுக் கையாலதான் அறுக்கணும். ரெண்டு இஞ்ச் குழாய், ரெண்டு கால். அது முடியறவரைக்கும் எந்தத் திசையில பெட்டியைப் பூட்டி வைக்கணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? இடது பக்கம் முழுக்கப் பூட்டினா, இடது பக்கமா வர்றதை யார் பாக்கறது? எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க. டிகிரியோட தரேன்."

கடிகாரம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "பன்னெண்டே முக்காலுக்குள்ள" என்றார்.

யார்டில் நிற்கிற கப்பலும் அண்ணன் கப்பலும் ஒரே அச்சு. ஏணி, சூட்டுக்காற்றுக் குழாய், பெட்டி, எல்லாம் அதே இடத்தில். என் கம்பியை முதல் காரியமாக அறுத்தெறிந்தோம். இந்தப் பெட்டியில் இன்னும் எதுவும் நிரப்பவில்லை, ஆகவே ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு அண்ணி என்னைச் சூட்டுக்காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார். "கண்ணை மூடிக்க. போன வருஷம் சாயங்காலம். உங்க அண்ணன் எங்க நின்னாரு?"

கண்ணை மூடினேன். முதலில் பயம்தான் தெரிந்தது. அண்ணி அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாக ஞாபகம் சொல்லத் தொடங்கியது. குழாயைத் தோளில் போட்டு ஏணி ஏறியது. மண்டியிட்டு முதல் காலை வைத்தபோது முழங்காலில் ஒரு போல்ட் குத்தியது. அண்ணன் "இன்னும் கொஞ்சம் தள்ளுடா, வாளி வைக்க இடம் வேணும்" என்றது. கண்ணைத் திறந்து தரையில் அந்த போல்ட்டைத் தேடினேன். அதே போல்ட் இந்தக் கப்பலிலும் அதே இடத்தில் இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு போல்ட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"முதல் கால் இங்க. போல்ட்டுலேர்ந்து ஒரு சாண்."

"உன் சாணா, அவர் சாணா?"

"என் சாண்."

அண்ணி என் கையை விரிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார். இரண்டாவது காலும் கிடைத்தது. உயரத்தில்தான் தடுமாறினேன். அளந்து வெட்டவில்லை, அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார், அவர் மணிக்கட்டு அளவுக்குக் குறுக்குக் கம்பி வைத்தேன். அண்ணனோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கிறார்.

"செருப்போடயா, பூட்ஸோடயா?" என்று கேட்டார் அண்ணி.

"சமையல்கட்டு பூட்ஸு."

"அப்ப ரெண்டு மீட்டர் பத்து" என்றார். நான் வாயைப் பிளந்தேன். "வீட்ல மேல் அலமாரி அவர் தூக்கின கை மணிக்கட்டு அளவுக்கு நான்தானே அடிக்கச் சொன்னேன். பூட்ஸுக்கு மூணு சென்டிமீட்டர் சேர்த்தேன்."

இரண்டு மாலுமிகள் அந்தந்த இடத்தில் கழியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குறுக்கே மூன்றாவது கழியைக் கட்டினோம். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கருவியில் வைத்தார். கைப்பிடியைச் சுற்றியது நான். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை அந்த வேலையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், பஞ்சு மிட்டாய் மெஷின் என்று கேலி செய்திருக்கிறேன். அன்று ஒவ்வொரு சுற்றையும் எண்ணி எண்ணிச் சுற்றினேன்.

"நில்லு. இருநூத்திப் பதினாலு. கூடாது." கொஞ்சம் சுற்றினேன். "இருநூத்திப் பதினேழரை. ஆகும்." இரண்டு பக்கமும் இரண்டு டிகிரி சேர்த்தார். மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தார். மூன்று முறையும் அதே எண்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கடிகாரத்தின் மேசையில் தாள் இருந்தது. 'இடது பின்புற மேல் டெக்கில் வரைபடத்தில் இல்லாத குழாய்த் தாங்கி உள்ளது. அகற்றும்வரை இருநூற்றுப் பன்னிரண்டு முதல் இருநூற்றுப் பத்தொன்பதரை டிகிரிவரை சுடக்கூடாது. கைரம்பத்தால் மட்டும் அறுக்கவும். வரைபடம் தயாரித்தவர் பொறுப்பில் அனுப்பப்படுகிறது.' கடிகாரம் ஒருமுறை படித்தார், மணிக்கட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மனிதர் மோசமில்லை.

பிறகு காத்திருப்பு. தகவல் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போனது. நான் பொறுக்கமாட்டாமல், "என்னைத் திட்டிடுங்க அண்ணி, நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி திட்டுங்க" என்றேன்.

"உன்னைத் திட்டறதுக்கு நாள் நிறைய கெடக்கு. அவர் வரட்டும், ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வச்சுத் திட்டறேன்."

அவர் வருவார் என்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். அந்தப் பெஞ்சில் எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான்.

இரண்டே கால் மணிக்கு முதல் பதில் வந்தது. 'தாங்கி இருக்கிறது. திசை சரி. உயரம் நீங்கள் கணக்கிட்டதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. அறுக்கும் வேலை தொடங்கியது.' அண்ணி அந்த ஒரு சென்டிமீட்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மூன்று மணிக்கு இரண்டாவது. 'அறுத்தாயிற்று. பெட்டி முழுப் பயன்பாட்டில். அறுத்தவர்: சமையற்காரர்.' நான் அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். அண்ணி ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

அதன்பின் ஒன்பதாம் நாள் அண்ணன் கப்பலை நோக்கி இரண்டு ஏவுகணைகள் வந்தன. ஒன்று முன்பக்கமிருந்து, ஒன்று பின்னால் இடது பக்கமிருந்து. பெட்டி திரும்பியது, சுட்டது, இரண்டும் கடலில் உடைந்து விழுந்தன. கப்பலில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்று மதியம் அண்ணன் குரலை முப்பது விநாடி போனில் கேட்டோம். "நல்லாத்தான் இருக்கேன், பாத்திரம்தான் எல்லாம் கீழ விழுந்துடுச்சு" என்றார்.

பிறகு விசாரணை. நீள மேசை, மூன்று அதிகாரிகள், தலைவர் நரைத்த முடியும் பொறுமையான முகமுமாக நடுவில். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒளிக்கவில்லை, இதுவரை வைத்துக்கொடுத்த கொக்கி, ஸ்டாண்டு, பலகை எல்லாவற்றையும் கப்பல் வாரியாகச் சொன்னேன். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரமானது. ஆறு மாதம் எந்தக் கப்பலிலும் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அதுவரை பட்டறையில் ஜன்னல் கம்பி அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அடுத்து அண்ணி. கடிகாரம் எழுந்து, அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, "பின்பக்கம் சுட்டது இருநூற்று ஒன்பதாவது டிகிரியில், சார். கம்பி இருந்திருந்தாலும் மூன்று டிகிரி தள்ளித்தான் போயிருக்கும். ஆகவே பாதிப்பு எதுவும் இல்லை" என்றார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு வந்தது இருநூத்தி ஒம்பதுல சார். அடுத்தவன் எந்த டிகிரியில வரட்டும்னு நம்மகிட்ட கேட்டுட்டா வருவான்?"

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தாள்களைப் புரட்டினார். "நீங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கு வரைபடம் சரியாத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் கம்பி வந்திருக்கு. விதிப்படி உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நீங்க போகலாம்."

அண்ணி போகவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். தலைவர் அதை உரக்கப் படித்தார். 'அந்தக் கப்பலுக்கு மட்டும் கடைசிப் பார்வை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கம்பி தெரிந்திருக்கும். காரணம்: அன்று காலை என் கணவரை வழியனுப்பப் போயிருந்தேன்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை நானும்தான் கூட இருந்தேன். அண்ணனின் பையை நான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன், அவர்கள் இருவரும் பின்னால் மெதுவாக வந்தார்கள். கப்பல் அலைத்தடுப்பைத் தாண்டும்வரை அண்ணி கரையில் நின்றார். விடிவதற்குமுன்பே போய்ப் பார்வையை முடித்துவிட்டு வந்திருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டாமல் இருந்தாரே, அப்போதே இது அவருக்குத் தெரியும். குற்றம் முழுவதும் என்னுடையது என்று ஒரு மாதமாக மார்பில் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பங்கைச் சத்தமில்லாமல் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது விதியிலேயே இல்லாத வேலை. செய்யலைன்னா யாரும் கேட்கப் போறதில்ல. எதுக்கு எழுதறீங்க?" என்றார் தலைவர்.

"விதியில இல்லாததாலதான் சார் எழுதறேன். எழுதினாத்தான் விதியில வரும்."

"மறுபடி அதே கப்பல் கிளம்பற நாள் வரும். உங்க கணவர் அதுலதான் இருப்பாரு. அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

"வழியனுப்பத்தான் போவேன்" என்றார் அண்ணி. "பெட்டியை ஒரு சுத்து பார்த்துட்டுப் போவேன். அதுவரைக்கும் அவர் நிக்கட்டும்."

அந்தத் தாளை அவர்கள் அவருடைய கோப்பில் சேர்த்தார்கள். எச்சரிக்கை என்று ஒரு வரியும் எழுதினார்கள். இரண்டு மாதத்தில் விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் கூடியது: கடைசிப் பார்வையில் கையெழுத்து விழாமல் எந்தக் கப்பலும் கயிறு அவிழ்க்கக் கூடாது.

அண்ணன் கப்பல் திரும்பி வந்து, நாலு மாதம் நின்று, போன வாரம் மறுபடி புறப்பட்டது. நாங்கள் இருவரும் வாங்கிய திட்டைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. புறப்படுகிற அன்று காலை அண்ணன் தோளில் பையோடு கப்பலின் ஏணிப்பலகை ஓரம் நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். கயிறு பிடிக்கிற ஆட்கள் கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் மேலே நின்று பார்த்தார், கடிகாரம் கீழே நின்று பார்த்தார். இருநூறு பேரோடு ஒரு போர்க்கப்பல் அசையாமல் நின்றது. மேல் டெக்கில் பெட்டி மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மணி பத்து நிமிடம்.

அண்ணி இறங்கி வந்து கடிகாரத்தின் தாளில் கையெழுத்துப் போட்டார். தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு அண்ணனுக்கு எதிரே வந்து நின்று, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து, "பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க" என்றார்.